மீன் போட்ட புத்தகங்கள்

கடைசிப் பக்கத்தில் மீன் இல்லை. புத்தகத்தைத் தையல் மெஷின் விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் ஒருவர் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஜிப் பாதி பிரிந்து என் மடியில் கிடந்தது. "ஆச்சாங்க?" என்று குரல் வந்தது. "இதோ ஆகுதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பக்கத்தைத் தடவினேன். நான் இரண்டாம் முறையாக எடுத்துவந்த நாவல் அது. போன முறை இதே மூலையில் மீன் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த இடம் வெளுத்து, லேசாகச் சொரசொரத்தது. யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.

மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஆல்டரேஷன் கடை. நீளமானதைக் குட்டையாக்குவது, இறுக்கமானதைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது. எதிர்ச்சாரியில் பொது நூலகம். படிப்பைப் பாதியில் விட்டவள் நான். நாற்பது வயதுக்குமேல் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க நூலகத்துக்குள் போனேன். அத்தனை அலமாரிகளுக்கு நடுவே அழையா விருந்தாளி மாதிரி நின்றுவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துவந்தேன். அதுவும் சரியில்லை, அடுத்ததும் சரியில்லை. நமக்கும் புத்தகத்துக்கும் ராசியில்லை என்று விட்டுவிட இருந்தபோது ஒரு நாவல் மாட்டியது. சோறு தண்ணி மறந்து படித்தேன். அதன் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குட்டி மீன். இரண்டு வளைவு, ஒரு புள்ளிக் கண். அவ்வளவுதான். அதற்கப்புறம் பிடித்த இன்னொரு புத்தகத்திலும் அதே மீன், அதே மூலை. அன்றிலிருந்து அட்டையைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டுவேன், மீன் இருந்தால் எடுப்பேன். "முடிவை முன்னாடியே பாத்துட்டா அப்புறம் என்னம்மா சுவாரசியம்?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் வருத்தப்பட்டார். நான் ஒரு முடிவையும் படித்ததில்லை. மீனை மட்டும்தான் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். இந்த விஷயம் தெரிந்ததிலிருந்து அவருக்கு வாயில் வேறு பேச்சே கிடையாது. சாயங்காலம் உள்ளே நுழையும்போதே, "இன்னிக்கு மீன் மாட்டுச்சா?" என்பார். ஒரு நாள் திடீரென்று, "அது ஆம்பளை மீனா, பொம்பளை மீனா?" என்று கேட்டார்.

"மீனைப் பாத்து அதெல்லாம் எப்படிங்க சொல்றது?"

"கண்ணுக்கு மை இருக்கான்னு நல்லாப் பாரு."

ஜிப்காரரை அனுப்பிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் அம்மாள் புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் கோடு போட்ட ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் புதுப் புரோகிராம் வந்த புதிது. ஸ்டிக்கர் ஒட்டிய கையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டி ரப்பரைப் போட்டுத் தேய்த்தார்.

"மேடம், அதுல மீன் இருந்துச்சா?"

"மீன், நட்சத்திரம், பெருக்கல் குறி எல்லாந்தான் இருக்கு. ஒருத்தர் பக்க நம்பருக்குக் கீழே கோடு இழுப்பார். படிச்சதையே மறுபடி எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு அவங்கவங்க போட்டுக்கற அடையாளம். இனிமே அதுக்கு அவசியமில்ல டெய்லரம்மா. வேணும்ங்கறவங்களுக்குக் கம்ப்யூட்டரே ஞாபகம் வெச்சுக்கும். படிச்ச புத்தகத்தை நீட்டினா, ஏற்கெனவே எடுத்ததாச்சேன்னு சொல்லிடும்." ரப்பர் துகளை ஊதிவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அந்த மீனை யாரோ எனக்காகப் போட்டுவைத்ததாகவே நினைத்திருந்தேன். 'இதை எடு, நல்லா இருக்கும்' என்று ஒருவர் தோளைத் தொட்டுச் சொல்வதுபோல. கடைசியில் பார்த்தால் அது ஒரு மறதிக்காரர் ஞாபகத்துக்காகக் கைக்குட்டையில் போட்ட முடிச்சு. அது போகட்டும். அந்த மறதிக்காரரின் ருசியும் என் ருசியும் ஒன்றாக இருந்ததே, அதற்கு என்ன செய்வது? இனி அவர் மீன் போடப்போவதில்லை. போட்டதெல்லாம் ரப்பருக்குப் போகிறது. அடுத்து எதைப் படிப்பது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. மழைக்கு ஒதுங்கிய அன்றைக்கு நின்ற மாதிரியே அலமாரி முன் நின்றேன்.

ஆளையே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜன்னல் ஓரத்தில் தடித்த கண்ணாடியோடு ஒருவர் எப்போதும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். இரண்டு மதியம் கடையை விட்டுவிட்டு அவரையே நோட்டம் பார்த்தேன். கடைசிப் பக்கம் வந்தது. பென்சில் இறங்கியது. போய் நின்று, "ஐயா, மீனுங்களா?" என்றேன். மனிதர் பதறிப்போய்ப் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு மெல்ல விரலை விலக்கிக் காட்டினார். அச்சுப்பிழை திருத்தியிருந்தார்.

"கண்ணுல பட்டுட்டா எப்படிம்மா சும்மா விடறது?" என்றார் பரிதாபமாக. "அந்தம்மா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வேறு வழியில்லாமல் அந்தம்மாளிடமே போனேன். "மேடம், மீன் போட்ட புத்தகத்தையெல்லாம் யாரு எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்குமே. பேர் மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஒரு நன்றி சொல்லத்தான் மேடம்."

"நல்லதுக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். யார் என்ன படிக்கிறாங்கங்கறது அவங்க சொந்த விஷயம். நீங்க என்ன படிக்கிறீங்கன்னு உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டார். அவருக்கே சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரா? எதுக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

வீட்டில் அவர் யாருடைய மோட்டாரையோ பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். "ஏங்க, லைப்ரரில போய் என்னைப் பத்தி விசாரிச்சீங்களா?" என்றேன். ஒரு திருகாணியை வேண்டிய நேரத்துக்குமேல் திருகினார்.

"ஒரு புத்தகம் வாங்கித் தரலாம்னு பாத்தேன். படிச்சதையே வாங்கிட்டு வந்து நிக்கக் கூடாதுல்ல. அந்தம்மா வாயே திறக்கல."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"உன்னைக் கேட்டா, மீனைக் கேளும்பே."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது வாஸ்தவம். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே சொல்லத் தெரியாது. மீனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் நூலகர் அம்மாள் தன் சட்டையின் கையைத் தளர்த்தித் தரச்சொல்லிக் கடைக்கே வந்தார். அளவெடுக்கும்போது பேச்சு புதுப் புரோகிராமைப் பற்றித் திரும்பியது. "பழசு ஒரு கம்பெனியோடது. கம்பெனியை மூடிட்டாங்க. ஒரு சின்னக் கோளாறுன்னாகூடத் திறந்து பாக்க ஆளில்ல. இது அப்படி இல்ல. திறந்த மூலம்னு பேரு. எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்க சேர்ந்து செஞ்சு பொதுவுல வெச்சிருக்காங்க. உள்ளே என்ன இருக்குன்னு யார் வேணா பாக்கலாம். நம்ம தேவைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்."

"அப்ப, உள்ளே துணி விட்டுத் தெச்சிருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் விழித்தார். அவர் சட்டைக் கையைத் திருப்பி உள்மடிப்பைக் காட்டினேன். "இது இருக்கறதாலதான் என்னால பிரிச்சு விட முடியுது மேடம். சில உடுப்புல ஒட்ட வெட்டிடுவாங்க. அதை நான் என்ன பண்ண முடியும்?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனதில் ஒன்று பளிச்சிட்டது. "இவ்வளவு விட்டுத் தெச்சதுல, படிக்கிறவங்க ஒரு அடையாளம் போட வழி வெக்காமலா இருந்திருப்பாங்க?"

நூலகர் அம்மாள் அந்த உள்மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். "இருக்கு" என்றார் பிறகு. "குறிச்சொல்னு ஒண்ணு. ஒரு புத்தகத்துக்கு நாம ஒரு வார்த்தையை ஒட்டலாம். அந்த வார்த்தையை அழுத்தினா, அது ஒட்டின எல்லாப் புத்தகமும் வரிசையா வரும். கண்டதையும் எழுதுவாங்கன்னு நான்தான் அணைச்சு வெச்சேன்." சட்டையை வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "திறந்து விடறேன். ஆனா ஒட்டற வார்த்தை என் பார்வைக்கு வந்தப்புறம்தான் வெளியில தெரியும், சம்மதமா?" என்று கேட்டார். எனக்குச் சம்மதமில்லாமல் என்ன?

அன்றிலிருந்து எனக்கும் ரப்பருக்கும் ஓட்டப்பந்தயம். மீன் தென்பட்டால் அவர் ஓரமாக எடுத்துவைப்பார். நான் ஓடிப்போய், போனில் நூலகப் பக்கத்தைத் திறந்து, அந்தப் புத்தகத்துக்கு ஒற்றை விரலால் 'மீன்' என்று தட்டுவேன். தட்டி முடித்ததும் என் கண்ணெதிரிலேயே மீனை அழித்துவிடுவார். "அது வேற, இது வேற" என்பார். நடுவில் ஒரு குழப்பம். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கப் புத்தகம் தேடிய ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வரிசையாக நாவல்களைக் காட்டியிருக்கிறது. குறிச்சொல்லை 'மீன் போட்ட புத்தகம்' என்று மாற்றச்சொன்னார் நூலகர் அம்மாள். மாற்றினேன். தொட்டிக்காரர் அதற்குள் ஒரு நாவலைக் கொண்டுபோயிருந்தார், இன்னும் திருப்பித் தரவில்லை.

தண்ணீரில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது போலத்தான் காத்திருந்தேன். மெஷினில் பாபின் நூல் மாற்றும்போதெல்லாம் போனைத் திறந்து அந்தக் குறிச்சொல்லை அழுத்துவேன். நான் போட்டதே வரும். வாரங்கள் போயின. ஒரு காலை, வரிசையின் அடியில் நான் போடாத ஒரு தலைப்பு இருந்தது.

முதல் சந்தேகம் வீட்டுக்காரர்மேல்தான். கூப்பிட்டு, "நீங்களா?" என்றேன். "எனக்குத்தான் மெம்பர் கார்டே கிடையாதே. கார்டு இல்லாதவன் மீன் பிடிக்க முடியாதுன்னு நீதானே சொன்னே" என்றார். நூலகர் அம்மாளிடம் ஓடினேன். அவர் பார்வைக்குப் போகாமல் எதுவும் வெளியில் வராதே.

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொல்ல மாட்டேன்." ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "புது வரவு. மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு."

எடுத்தேன். கடைசிப் பக்கம் சுத்தமாக இருந்தது. ரப்பர் பட்ட தடமும் இல்லை. அந்த ஆளுக்கு இனி ஞாபகத்துக்கு மீன் வேண்டாம், கம்ப்யூட்டர் இருக்கிறது. பிறகு இந்த மீன் யாருக்கு? கேள்வியை மனதில் போட்டுக்கொண்டே கடைக்கு வந்து, நல்ல கால்சட்டை ஒன்றை ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் வெட்டிவைத்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி நேர்ந்ததில்லை. சந்தோஷத்தில் கை எங்கே நிதானமாக இருக்கும்?

புத்தகத்தை அவசரப்படாமல் படித்தேன். எப்படி இருந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை. முடித்ததும் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸைக் கூராகச் சீவினேன். அவர் மீன்கள் எல்லாம் இடது பக்கம் பார்த்திருக்கும். அதே மூலையில், வலது பக்கம் பார்த்தபடி ஒன்று போட்டேன். இரண்டு வளைவு, ஒரு புள்ளி. நூலகர் அம்மாளுக்கு ரப்பர்கூடத் தேவைப்படாது, ஊதினாலே போய்விடும். அதுதான் எனக்குக் கவலை. அட்டையை மெல்ல மூடி, இரண்டு கையிலும் மட்டமாக ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

வண்டியின் பின்னால் யாருடைய ஃபிரிட்ஜ் கதவையோ கட்டிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்து நிறுத்தினார். "என்ன அப்படி ஏந்திட்டுப் போறே? உள்ளே என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் தெருவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, வருகிற வாகனங்களுக்கெல்லாம் கையைக் காட்டினார். லேசாகக் காற்று எழுந்தது. அட்டையை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுபோகிறவள்போல அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடந்தேன்.