இரண்டு பள்ளங்கள்

மருத்துவமனைக் கட்டிலில் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்த நெரிடா, அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கொண்டாந்தியா?" லாக்லன் கண்ணைத் திறக்கவில்லை.

"கொண்டாந்தேன்ப்பா." குவேசாரின் ஒளியை வரைகோடாக அச்சிட்ட தாள் அவள் கையில் மடித்தபடி இருந்தது.

விண்மீன்போல் மின்னும் அந்தக் குவேசார் ஒரு விண்மீன் திரளின் ஓரத்தில் ஒட்டினாற்போல் தெரியும். அதன் ஒளிக்கோடுகள் சிவப்புப் பக்கம் வெகுதூரம் நகர்ந்திருந்தன. அதனால் அது திரளுக்குப் பின்னால், எங்கோ தொலைவில் இருக்கிறது என்றார்கள் எல்லோரும். இல்லை, பக்கத்தில்தான், நகர்வுக்குக் காரணம் வேறு என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் லாக்லன். மலைமேல் வானாய்வகத்தில் இருந்தவர்கள் அவருக்குத் தொலைநோக்கி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். போன வாரம் அதே தொலைநோக்கியில் தன் முறை வந்தபோது நெரிடா அதைப் பார்த்தாள். பின்னால் இருந்தால், வரும் வழியில் திரளின் கால்சியம் அந்த ஒளியின் வரைகோட்டில் இரண்டு பள்ளங்களைப் பறித்திருக்கும்.

பறித்திருந்தது.

"கால்சியம் இருக்கா?"

"இல்லப்பா. சுத்தமா இருக்கு."

"என் கண்ணாடி எங்க?"

"துணியோட வீட்டுக்குப் போயிருக்கும்."

ஊசி மருந்தோடு வந்த செவிலி டோரீன் சிரித்தாள். "வானத்துல இருக்கறதெல்லாம் தெரியுது, மூக்குல இருந்தது எங்கன்னு தெரியல. நல்ல ஆளுய்யா நீர்!"

"தாளையாவது வச்சிட்டுப் போ. தொட்டுப் பாத்துக்கறேன்."

மறுக்க முடியவில்லை. மடித்தபடியே மார்பின்மேல் வைத்துவிட்டு நெரிடா தேநீர் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோதும் தாள் மடித்தபடியே இருந்தது.

"நல்ல சேதி சொன்ன, கண்ணு. மேல இருக்கற பயலுக மூஞ்சியப் பாக்கணும்." ஒரு வாய் குடித்தார். "உன் பேர்லயே வெளியிடு. என்ன இருக்கோ, அப்படியே."

"சரிப்பா."

பிற்பகலில் மூச்சு நின்றது. வெளியே யூகலிப்டஸ் மரத்தில் கலா கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. டோரீன் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் தயங்கி, "நீ டீ வாங்கப் போனப்ப என் கண்ணாடியக் கேட்டு வாங்கினாரும்மா. எங்க வச்சார்னு தெரியுமா?" என்றாள்.

தலையணைக்கு அடியில் இருந்தது. டோரீன் அதை எடுத்துக்கொண்டு போனதும் நெரிடா தாளைப் பிரித்தாள். இரண்டு பள்ளங்களுக்கும் அடியில், நகத்தால் அழுத்திய தடம்.

கைப்பையிலிருந்து அவர் கண்ணாடியை எடுத்தாள். தன் கம்பளிச் சட்டையின் நுனியால் துடைத்தாள். கம்பிகளை மடக்கி, அவருடைய பைஜாமா சட்டைப் பையில் வைத்தாள்.