ஆட்கள்: சைபர்

காலை பத்தரைக்கு, கூடப் பிறந்த ராத்தா ரபீக்காவிடமிருந்து ஃபோன் கோல் வந்தபோது சனூஸா டவுனிலுள்ள மென்பொருள் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால்தான் இருந்தாள்.

"அவர் இன்னும் வரல்ல. விடிய ஆறு மணிக்குக் கரைக்கு வாற மனுசன். எட்டரைக்கே மீன்பிடிச் சங்கத்துக்கு எடுத்துக் கேட்டனான். திரையெல்லாம் பச்சையாம், பயப்பட ஒண்டுமில்லையாம்."

அந்தத் திரையைச் செய்தவளே சனூஸாதான். கிண்ணியாக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்கள் ஃபோனில் ஒரு படிவம் நிரப்பிவிட்டுப் போக வேண்டும்: போட் இலக்கம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவது. சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணித்தியாலம் போனால் சங்கக் காரியாலயத் திரையில் அந்த வரி சிவக்கும். சிவந்தால் தேடும் போட் வெளிக்கிடும்.

ராத்தாவின் புருசன் ஸப்வானின் வரியைத் தேடிப் பிடித்தாள். பச்சை. ஆட்கள்: 0.

அடுத்த கணம் கோபம் தலைக்கேறியது. ஆளில்லாத போட் தன்பாட்டில் கடலுக்குப் போய்விட்டதா? ஆள் இல்லையென்றால் போட் கரையில் கட்டிக் கிடக்கிறது என்று நிரல் முடிவு கட்டிவிட்டு, நிம்மதியாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கரை ஆட்கள் கடலில் இறங்கும்போது தலை எண்ண மாட்டார்கள். எண்ணிக்கொண்டு போனால் ஒன்று குறைந்துதான் திரும்பும் என்று ஒரு பயம். மௌலவி எத்தனையோ தரம் கண்டித்தும் விடவில்லை. அதனால் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போவார்கள். சனூஸாவுக்கு இது தெரியாதா என்ன, அவளும் அந்தக் கரைப் பிள்ளைதானே. கட்டம் வெறுமையாக வந்தால் 'தெரியாது' என்று வைத்துக்கொண்டு, நேரம் தாண்டினால் சிவக்கும்படிதான் அவள் முதலில் எழுதியிருந்தாள்.

அதைக் கெடுத்தது அவளுடைய மேலாளர் கிருஷாந்த். படிவத்தில் எதை நிரப்பினாலும், இலக்கமே ஆனாலும், முதலில் அது எழுத்தாகத்தான் வந்து சேரும். அதை எண்ணாக மாற்றாமல் அவர் மாத அறிக்கையில் கூட்டப் போக, நாலும் மூன்றும் ஏழாகாமல் நாற்பத்து மூன்றாகி நின்றது. சங்கத்தார் வாய்விட்டுச் சிரித்தார்கள். மனுசனுக்கு மானம் போய்விட்டது. உடனே ஒரே வரியில் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிட்டார். வெறுமையை எண்ணாக்கச் சொன்னால் கணினி ஏலாது என்று மறுக்காது. சத்தமில்லாமல் சைபர் என்று எழுதிக்கொள்ளும். "வெறுமை வேற, சைபர் வேற அண்ணா. திருத்துங்க" என்று அவள் எழுதி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் வந்தது. அதை நம்பி, திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டாள், மடச்சி.

அவள் எழும்பிய வேகத்தில் கதிரை சுவரில் போய் இடித்தது.

"கிருஷாந்த் அண்ணா, அந்த வெறுமைக் கட்டத்தத் திருத்தினீங்களா, இல்லையா?"

அவர் திரையைப் பார்த்தார். முகம் வெளிறியது, வாய் மட்டும் அடங்கவில்லை. "அவை நிரப்பாமல் விட்டால் நாங்கள் என்ன செய்யிறது, சனூஸா? அறிக்கை பின்னேரமே வேணுமெண்டவை. அதுக்குப் பிறகு பிழை ஒண்டும் வரேல்லைத்தானே?"

"கணினி பிழை எண்டு காட்டியிருந்தா ஆராவது பாத்திருப்பாங்க! ஆக்கள் கடல்ல கிடக்காங்க, நீங்க அறிக்கையப் பத்திக் கதைக்கிறீங்க!"

அவர் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, அவள் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கும் யோகலிங்கத்துக்குக் கோல் எடுத்தாள்.

"ஐயா, பச்சையப் பாக்காதீங்க. ஸப்வான்ட போட் கடல்லதான். அதில ஆள் இருக்கு."

"எத்தனை பேர், பிள்ளை?"

"தெரியாது! தெரியாட்டித் தேட மாட்டீங்களா?"

யோகலிங்கம் உடனே ஆட்களைக் கூப்பிட்டார். பதினொரு மணிக்குத் தேடும் போட் வெளிக்கிட்டது.

பன்னிரண்டேகாலுக்கு, குடாவுக்கு வெளியே, கவிழ்ந்த போட்டைப் பிடித்தபடி மூன்று பேரைக் கண்டார்கள். ஸப்வானுக்கு உயிர் இருந்தது. போனது நாலு பேர். நாலாவது ஆள் நிப்றாஸ், பத்தே முக்கால் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கைவிட்டுப் போனானாம். ஸப்வானின் மணிக்கூடு தண்ணீரிலும் நிற்காமல் ஓடியிருக்கிறது. எட்டு மணிக்கு வரி சிவந்திருந்தால் ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்தக் கணக்கைச் சனூஸா கரையில் நின்று நூறு தரம் போட்டாள்.

மறுநாள் நிப்றாஸின் மையித்து கட்டைபறிச்சான் பக்கம் கரையொதுங்கியது. அடக்கம் முடிந்த கையோடு கிருஷாந்திடமிருந்து செய்தி வந்தது: 'படிவம் நிரப்பினது நிப்றாஸ்தான். அவர்தான் கட்டத்தை விட்டவர். ஆர் கேட்டாலும் அதையே சொல்லுங்கோ. வேலை முக்கியம்.' அந்தக் கதை அவளுக்கு முந்தியே கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் நிப்றாஸின் வீட்டுக்குப் போனாள். அவனுடைய பெண்சாதி பஸ்மியா உள்ளறையில் பாயில் இருந்தாள். அழுது முடிந்த முகம்.

"கட்டத்தச் சும்மா விட்டது அவர்தானாம். தானும் மவுத்தாகி, மத்த மூணு பேரையும் சாகக் குடுக்கப் பாத்தாராம் எண்டு ஊரே கதைக்குது. உண்மையா?"

சனூஸா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விட்டது அவர்தான் ராத்தா. விட்டதில ஒரு பிழையுமில்ல. அதில சைபர் எழுதினது நாங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் திரும்பிப் பாக்கல்ல."

ஏசுவாள், அடிப்பாள் என்று சனூஸா காத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லி என்ன?" என்றாள் பஸ்மியா. "வெளிய ஆம்பிளையள் இருக்காங்க. சங்கத்து ஆக்களும் வந்திருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

சனூஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.