பாதிப்பு இல்லை

வேளாண்மை அதிகாரி சரவணக்குமார் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றரை. தேனீ வரவில்லை என்று மனுக் கொடுத்தால், பூசணிப் பூவெல்லாம் சுருங்கிப்போன நேரத்தில் ஆய்வுக்கு வருகிறார். முருகம்மாளுக்கு அப்போதே எரிச்சல்தான். அடக்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

நாரணாபுரத்துக்குக் கிழக்கே ஓடைக்கரையில் அவளுக்கு அரை ஏக்கர். பக்கத்து வெடிக் கம்பெனிக்காரர்கள் லாரி வந்துபோகப் பாதை வேண்டும் என்று, இக்கரைப் புறம்போக்கில் கிடந்த இலந்தை, ஆவாரை, சங்கஞ்செடி எல்லாவற்றையும் ஒரே நாளில் பொக்லைன் விட்டு வழித்துப் போட்டார்கள். புதரோடு கொம்புத்தேன் கூடுகளும் போயின. இப்போது அக்கரைப் புதருக்கும் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதுவும் போனால் இந்தப் பக்கம் ஈ என்ற பேச்சே இருக்காது. அதைத் தடுக்கத்தான் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தாள்.

சரவணக்குமார் கொடியை விலக்கிப் பார்த்தார். இலைக்கடியில் காய்கள் திரண்டு கிடந்தன.

"காய் நல்லாப் பிடிச்சிருக்கேம்மா!"

"நாங்க பிடிக்க வச்சது சார். வெள்ளன ஆறு மணிக்கு நானும் எம்மகளும் எறங்கிருவோம். ஆண் பூவப் பறிச்சு ஒவ்வொரு பெண் பூவுலயும் தடவுவோம். அவ கம்பெனி வேன் வந்ததும் போயிருவா. மிச்சத்த நான் ஒத்தையில பாக்கேன். இடுப்பு ஒடியுது. எம்புட்டு நாளைக்கு முடியும்?"

"அத இந்தப் படிவத்துல எங்கம்மா எழுத? காய் இருக்கா, இல்லையான்னுதான் கேட்டிருக்கு."

"சரி, அந்தப் புதருக்கு என்ன போடுவீக?"

"தரிசு. மதிப்பு கெடையாது."

முருகம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. விடிந்தால் வந்து, ஒரு வாய் கஞ்சி கேட்காமல், காடு முழுக்கக் காய்க்க வைத்துவிட்டுப் போன உயிருக்கு மதிப்பு கிடையாதாம். அப்படிப் பார்த்தால் இருபது வருஷம் அடுத்தவன் காட்டில் களையெடுத்தவளையும் எந்தக் காகிதத்திலும் காணோம். வேலை நடந்தால் போதும், செய்தவர் யார் என்று எவன் கேட்டான்? பூ உதிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் கையை நீட்டினாள். அந்தக் கையே அவள் வழக்கைக் கெடுத்துவிட்டது.

'பயிர் பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சரவணக்குமார் சற்றுத் தயங்கினார். ஆள் கெட்டவரில்லை.

"மறு ஆய்வு கேளுங்கம்மா. பத்து நாள்ல வாறேன். அதுவரைக்கும் அக்கரையத் தொட மாட்டாங்க. இனிமே பூக்குற எதையும் நீங்க தொடாதீக. பிஞ்சு வெம்பி உதிர்ந்து கெடக்கணும். அப்பத்தான் என்னால எழுத முடியும்."

மறுநாள் விடியலில் மகள் பானுப்பிரியா வழக்கம்போல ஆண் பூவைக் கிள்ளிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

"தொடாத பானு. மேல வா."

"யம்மா, இன்னைக்குத்தான் நெறைய விரிஞ்சிருக்கு."

"தெரியும். வா."

வேன் வந்து மகளை ஏற்றிக்கொண்டு போனது. முருகம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பெண் பூக்கள் மஞ்சளாக அகல விரிந்து நின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு. வெயில் ஏறியது. கிட்டத்தில் இருந்த பூ ஒன்றின் ஓரம் மெல்ல மடங்கத் தொடங்கியது. அவளையறியாமல் வலது கை அதை நோக்கிப் போயிற்று. இடது கையால் அதை இழுத்து, மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.