மாஸ்டரின் கட்டை விரல்

மாஸ்டருக்குத் தூண்டில் வீசத் தெரியாது என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவருடைய மனைவி. திரைச்சீலை தைக்கும் கடையில் பதினொரு வருடமாக மெஷின் மிதிக்கிறவள். மற்றவர்களுக்கு அவர் பெரிய ஆள். பகலெல்லாம் காப்பீட்டு ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் 'தூண்டில் மாஸ்டர்' என்று வீடியோ போடுவார். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். நாற்பதாயிரம் பேருக்கும் வேறு வேலை இல்லையா என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

அவர் ஆசைப்பட்டு வாங்கியது, தூண்டில் கம்பான ராடின் மேலே, நைலான் நரம்பு சுற்றிய ரீல் உருளை படுத்த வாக்கில் உட்கார்ந்திருக்கும் ரகம். வீசினால் ஈயக்கட்டி நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும், உருளை சுற்றும். கட்டியின் வேகம் குறைந்தது உருளைக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து குருவிக்கூடாகிவிடும். அதைத் தடுக்க உருளைமேல் கட்டை விரலை வைத்து அளவாக அழுத்த வேண்டும். மாஸ்டருக்கு வாய் இருந்த அளவுக்கு விரல் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் ஏரியிலிருந்து வருவார். பாசி வழியும் ரீலைச் சாப்பாட்டு மேஜையில், அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார். "இதக் கொஞ்சம் எடுத்து விடு. உனக்குத்தான் நூல் சிக்கு எடுத்துப் பழக்கமாச்சே" என்பார். செத்த மீனும் சேறும் கலந்த வாடை சோற்றில் ஏறும். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே கொக்கி ஊசியால் ஒவ்வொரு வளையமாக நெம்பி எடுப்பாள். அவர் அதற்குள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருப்பார்.

சிக்கு எடுத்து எடுத்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. தையல் மெஷின் பாபினில் நூல் சுற்றும்போதும் இதே கதைதான். ஓடுகிற பாபினை விரலால் தொட்டுக்கொண்டிருந்தால் நூல் ஒழுங்காக உட்காரும்; விட்டால் பொங்கிவிடும். இதற்கா இந்த மனிதர் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறார் என்று தோன்றியது. ஒருநாள் அவர் ஆபீஸ் போனதும் ராடை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனாள். இருபது தப்படி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தாள்.

முதல் வீச்சு அவள் காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. விரலை இறுக்கிவிட்டாள். அடுத்ததில் பயந்து விட்டுவிட்டாள், குருவிக்கூடு. தன் சிக்கைத் தானே எடுப்பதில் அவளுக்கு ஏனோ கோபம் வரவில்லை. ரீலின் பக்கவாட்டுத் திருகை நன்றாக முடுக்கி, உருளையை மந்தமாக்கிக்கொண்டு மறுபடி வீசினாள். ஒவ்வொரு நாளும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாள். விரலை இறகு மாதிரி வைத்து, கட்டி தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்தப் பழகினாள். நான்காவது வாரம் பத்துக்கு எட்டு வாளிக்குள் விழுந்தது. அந்த 'டொக்' சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. பதினொரு வருடமாகத் தைத்த எந்தத் திரைச்சீலையும் தராத சந்தோஷம் அது.

ஒருநாள் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்த மாஸ்டர் பார்த்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அவர் சந்தோஷப்பட்டார்.

"அட, நல்லாத்தான் போடுற. இனிமே கை மட்டும் காட்டுற சீனுக்கு நீ வந்துடு" என்றார்.

"என் பேரப் போடுவீங்களா?"

"போடாம? கடைசில போடுறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். தன் முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டார். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் அவருடைய கையுறையையும் போடச் சொன்னார். வாரக்கணக்கில் வியர்வையில் ஊறிப்போன உறை அது. உள்ளே கை நுழையும்போதே பிசுபிசுத்தது. அன்று அவள் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஆனாலும் செய்தாள். அந்த விரல் தன்னுடையது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஏழு வீடியோ வந்தன. ஏழிலும் அவள் பெயர் இல்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்ததுல" என்றார். கேமரா முன்னால் உதட்டை நக்கிக்கொண்டு, "வீசினதும் கட்டை விரலச் சுத்தமா எடுத்துருங்க. உருளை தானா ஓடும், தானா நிக்கும்" என்று அடித்துச் சொன்னார். அவள் தப்பென்று சொல்லிப் பார்த்தாள். "நீ தையலப் பாரு" என்று பதில் வந்தது.

தங்கச்சி போன் செய்தாள். "ஏன்க்கா, அத்தான் விரலு எப்ப இவ்வளவு லட்சணமாச்சு?" என்று கேட்டுச் சிரித்தாள். "வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு பாரு. 'கையப் பாருங்க, பேச்சக் கேட்காதீங்க'ன்னு. ஆயிரம் லைக்கு."

அவளும் சிரித்தாள். அன்று மாலையே ஏரிக்கரையில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர் மாஸ்டரைப் போனில் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் கடை வாசலில் வகுப்பு எடுக்க ஆள் தேவையாம். முதலில் எல்லார் முன்னாலும் ஒருமுறை வீசிக் காட்ட வேண்டுமாம். மாஸ்டர் யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் முகத்தில் ஈயாடவில்லை.

சனிக்கிழமை காலை அவர் குளியலறையிலிருந்து வந்தபோது வலது கட்டை விரலில் முட்டை அளவுக்குக் கட்டு இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாத விரல். மேலே சிவப்பு மருந்துவேறு தொட்டு வைத்திருந்தார், ரத்தம் மாதிரி தெரிய.

"நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல நீ போடு. என் டிரெயினிங்குன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

இந்த மனிதரோடு பத்தொன்பது வருடம் ஒரே தொட்டியில் கை கழுவியிருக்கிறோமே என்று அவளுக்கு இருந்தது. அவர்மேல் வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே திரும்பியது. அந்தச் சட்டையை ஏழு முறை மாட்டிக்கொண்டது வேறு யாரும் இல்லையே. அன்று தன் சொந்த உடையிலேயே கிளம்பினாள். கையுறையைத் தொடவில்லை.

கடை வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். எதிரே தரையில் ஒரு டப்பா. மாஸ்டர் கட்டுப்போட்ட விரலை உயர்த்திக் காட்டினார். "கார்க் கதவுல நசுங்கிடுச்சு. ஆறு வாரம் அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வலி தாங்க முடியல. இருந்தாலும் உங்களுக்காக வந்துட்டேன்" என்றார். நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள். "இன்னிக்கு என் வீட்டுக்காரம்மா போடுவாங்க. நான் சொல்றத அப்படியே செஞ்சா யாருக்கும் வரும்."

நான் சொல்றத அப்படியே. அது அவள் காதில் விழுந்தது. சரி, அப்படியே செய்வோம் என்று முடிவு செய்துகொண்டாள்.

"வீசு. விரல எடு. சுத்தமா எடு" என்றார்.

எடுத்தாள். உருளை கிறுகிறுவென்று சுற்றி நரம்பைக் கக்கியது. குருவிக்கூடு. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கடைக்காரர் வேறு ராடு கொடுத்தார். மறுபடி அதே சொல், அதே கூடு. மூன்றாவது ராடும் அப்படியே ஆனது.

"என்ன பண்ற நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் பண்றேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

கடைக்காரர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காவது ராடை நீட்டினார். "மாஸ்டர், கொஞ்சம் பேசாம இருங்க. அக்கா, நீங்க உங்க இஷ்டத்துக்குப் போடுங்க."

அவள் திருகைச் சரிபார்த்தாள். வீசினாள். விரல் உருளையைத் தொட்டும் தொடாமலும் போய், கடைசிக் கணத்தில் அழுத்தியது. ஈயக்கட்டி டப்பாவுக்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது வீசும்போது கூட்டம் டப்பாவை நோக்கி நெருங்கி வந்திருந்தது.

"வீடியோல வர்ற கை உங்களுதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பாசி வழியும் ரீலை மேஜையில் வைக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. இந்தச் சிக்கையும் எடுத்துவிடு என்று.

"ஆமா. ஏழுலயும் நான்தான்" என்றாள்.

முதலில் கைதட்டியது யார் என்கிறீர்கள்? மாஸ்டர்தான். கட்டுப்போட்ட கையை மற்றக் கையில் பொத்துப் பொத்தென்று அடித்து, "பாத்தீங்களா, நான் தயார் பண்ணின ஆளு. இனி சனிக்கிழமை சனிக்கிழமை நாங்க ரெண்டு பேருமே வந்துடுறோம்" என்றார். வெட்கம் என்பது அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. அவளுக்கு அங்கேயே துப்பிவிடலாம் போலிருந்தது.

துப்பவில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நான் மட்டும் வர்றேன் தம்பி. ஆறு வாரம் கையவே அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம், நீங்களும் கேட்டீங்கல்ல. அவரு வீட்லயே இருக்கட்டும்."

கைதட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் அப்படியே நிறுத்தினார். முப்பது பேரும் அவர் விரலைத்தான் பார்த்தார்கள்.