பட்டாசின் வாயில் நுரை

ஈவ்லினுடைய நாய்க்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது அவள் கணவன் மேக்ஸ்வெல். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கும் அவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் கோணிப்பைக்குள் சுருட்டி எடுத்துவந்த குட்டி அது. இறக்கிவிட்டதுதான் தாமதம், அடுப்படிக்குள் ஓடி, கட்டிலுக்கடியில் புகுந்து, வாசலில் கிடந்த செருப்பைக் கவ்விக்கொண்டு கொய்யா மரத்தை மூன்று சுற்று சுற்றியது. "திரியப் பத்த வச்ச மாதிரியில்ல இருக்கு!" என்றான் மேக்ஸ்வெல். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீடு கொட்டச்சேட்டுக்குப் போகும் ரோட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. பின்பக்கம் சௌசௌ பந்தல், நாலு வாழை, மிளகுக்கொடி ஏறிய பலாமரம், துவைக்கிற கல், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் புதர். அங்கிருந்து யார் யாரோ இந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் கீரி ஜோடி ஒன்று வாழையடியில் ஓடும். பந்தலுக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும். வெயில் ஏறினால் துவைக்கிற கல்மேல் ஓர் உடும்பு வந்து படுக்கும். இவர்கள் எல்லோரும் தன்னோடு விளையாடத்தான் வருகிறார்கள் என்பது பட்டாசின் எண்ணம். முகர்ந்து பார்க்க வேண்டும், முன்னங்காலால் தட்டிப் பார்க்க வேண்டும், ஓடினால் பின்னாலேயே ஓட வேண்டும். போன ஐப்பசியில் ஒரு முள்ளம்பன்றியிடம் அப்படிப் போய், மூக்கில் இரண்டு முள்ளோடு அழுதுகொண்டு வந்தது. முள்ளைப் பிடுங்கிய மறுநாளே அதே வேலியோரம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

ஈவ்லின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாரத்துக்கு இரண்டு பேருக்காவது நாய்க்கடி ஊசி போடுகிறவள். தன் நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அது ஒண்ணும் பண்ணாது" என்பாள். ஊசிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வார்த்தையை நம்பிக் கடி வாங்கியவர்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

சித்திரையில் முதல் பெரிய மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டித் தீர்த்தது. மேக்ஸ்வெல் உறவுக் கல்யாணத்துக்காக மலையைவிட்டுச் சேலத்துக்கு இறங்கியிருந்தான். மழை விட்டதும் பக்கத்து வீட்டு மேகலா சௌசௌ கேட்டு வந்தாள். எஸ்டேட் வேலைக்குப் போகும் கருப்பண்ணனின் ஒரே மகள். ஓமலூரில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். அவளைக் கண்ட சந்தோஷத்தில் பட்டாசு தாவியது. அவள் வயிற்றைக் கையால் மறைத்துக்கொள்ள, நகம் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தம் வரவில்லை, சிவப்பாக ஒரு கோடு.

"ஐயோ, பாத்து கண்ணு!" என்று ஈவ்லின் நாயை இழுத்துக் கட்டினாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். மேகலா சிரித்தாள். "அட, உடுங்கக்கா. அதுக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, மடியில் நாலு சௌசௌவோடு போனாள்.

ஆறு மணி இருக்கும். ஈவ்லின் நாயை அவிழ்த்துவிட்டு, கொடியில் நனைந்துபோன துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தொட்டிப் பக்கம் பட்டாசு இரண்டு குரல் குரைத்தது. அப்புறம் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தபோது அது பந்தலுக்கடியிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தது. தலையை உதறியது. வாயோரத்தில் வெள்ளையாக நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை பெருகி, தாடையிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கியது. முகத்தைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, இதுவரை அவள் கேட்டிராத குரலில் முனகியது.

ஈவ்லின் துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து தூரத்தில் வைத்தாள். நாய் கிட்டே வந்தது, மூக்கை நீட்டியது, பிறகு தலையை வெட்டி இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

தண்ணீரைக் கண்டு பின்வாங்கினால் என்ன அர்த்தம்? படிக்கிற காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வெறிநாய் கடித்த ஒரு ஆளைப் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்த காற்றுக்கே உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது அவருக்கு. மூன்றாம் நாள் அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. அந்த முகம் அப்படியே கண்முன் வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: பட்டாசுக்கு வருஷாந்திர வெறிநோய் ஊசி போட வேண்டியது தை மாதம். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி இப்போது சித்திரை. ஊருக்கெல்லாம் தேதி தவறாமல் வரச் சொல்லுகிறவள் தன் வீட்டில் தவறவிட்டிருந்தாள். மேகலாவின் கையில் அந்தச் சிவப்புக் கோடு.

கையுறை மாட்டிக்கொண்டு, கயிற்றில் சுருக்குப் போட்டு வீசி, ஒருவழியாக நாயைப் பலாமரத்தில் கட்டினாள். சத்தம் கேட்டுக் கருப்பண்ணன் வேலியைத் தாண்டி வந்தார். கையில் காப்பிக் கட்டைத் தடி.

"ஏனுங்க நர்சம்மா, வெறி புடிச்சிருச்சுங்களா?"

அவள் கயிற்று முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"எம் புள்ளையப் பிராண்டியிருக்குதுங்க. வகுத்துப் புள்ளக்காரி." அவர் தடியை இறுக்கிப் பிடித்தார். "கவுறு அத்துக்கிட்டு ரோட்டுக்குப் போச்சுன்னா எத்தன பேரக் கடிக்குமோ. நீங்க உள்ள போயிருங்க. நான் பாத்துக்கறனுங்க."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. போன வாரம்கூட இதே நாய்க்கு மிச்சக் கறிச்சோறு கொண்டுவந்து போட்டவர்தான். அதனாலேயே ஈவ்லினுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணா, மாட்டு டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தர்றேன். சிக்னல் ரோட்டுப் பாலத்துக்கிட்டப் போனாத்தான் கிடைக்கும். நான் வர்ற வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லுங்க."

கருப்பண்ணன் நாயைப் பார்த்தார். "வெரசா வந்துருங்க. கவுறு அந்துச்சுன்னா நான் சும்மா நிக்க மாட்டனுங்க."

ஈர ரோட்டில் செருப்பில்லாமல் ஓடினாள். முள்ளம்பன்றி முள்ளை எடுத்த நாளிலிருந்து கால்நடை டாக்டர் தனபாலின் எண் போனில் இருந்தது. நாலாவது மணியில் எடுத்தார். அவள் மூச்சுவாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"காலையில சோறு தின்னுச்சா?"

"நல்லாத் தின்னுச்சுங்க சார்."

"சாயங்காலம் வரைக்கும் ஓடி ஆடிட்டுத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"எப்ப நுரை வந்துச்சு?"

"திடீர்னு சார். ரெண்டு தடவ குரைச்சுது, உடனே வந்துருச்சு."

"உங்க பக்கம் இன்னிக்கு மழை பெஞ்சுதா?"

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. "பெஞ்சுதுங்க. நல்ல மழை."

டாக்டர் மூச்சு விட்டது போனில் கேட்டது. "சிஸ்டர், பதறாதீங்க. வெறிநோய்னா இப்படி ரெண்டு நிமிஷத்துல வராது. ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரியா இருந்திருக்கும். எனக்கென்னமோ தேரையக் கவ்வியிருக்கும்னு தோணுது. முதல் மழைக்குத் தேரையெல்லாம் வெளிய வரும். அது முதுகுல இருக்கற பால் வாயில பட்டா இப்படித்தான் நுரை தள்ளும். கையுறையோட, ஓஸ்ல தண்ணிய வாய்க்குப் பக்கவாட்டுல விடுங்க. தொண்டைக்குள்ள போகாம வெளிய வழியட்டும். ஈரத்துணியால ஈறு, நாக்கு எல்லாம் துடைங்க. பத்து நிமிஷமாவது செய்யணும். வலிப்பு வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. தேரை கிடைக்குதான்னும் தேடிப் பாருங்க."

திரும்பி ஓடும்போது அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க விரும்பினாள்: அந்த முனகல். வளைவு திரும்பியதும் கேட்டது. கருப்பண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு பத்தடி தள்ளி அப்படியே நின்றிருந்தார். அவள் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

"தேரையாங்க?" என்றார், நம்பாமல். "சொறித்தவளையா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு. தொட்டிப் பக்கம் பாருங்கண்ணா."

அவள் ஓஸைத் திறந்தாள். பட்டாசு முதலில் திமிறியது. தாடையை ஒரு கையால் பிடித்து, தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் தண்ணீரை விட்டாள். துணியால் துடைத்தாள், அலசினாள், மறுபடி துடைத்தாள். கருப்பண்ணன் செல்போன் வெளிச்சத்தில் தொட்டியைச் சுற்றிக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். வாழையடி, துவைக்கிற கல்லுக்கடி, பந்தல் கால். ஒன்றும் இல்லை. ஈவ்லின் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நர்சம்மா! இங்க வாங்க! ஐயோ, இங்க வாங்க!"

கவிழ்த்துவைத்த மண்சட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே, கைமுட்டி அளவு தேரை ஒன்று உடம்பை ஊதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குப் பின்னால் புடைத்த இடத்தில் பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்திருந்தது. முதுகில் நாய் எச்சில் பளபளத்தது. ஒரு காயமும் இல்லை. வெளிச்சம் பட்டதும் சலித்துக்கொண்டதுபோல இரண்டடி நகர்ந்து, புல்லுக்குள் போய்விட்டது.

கருப்பண்ணன் ஈரத்தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இத்துனூண்டு பண்ணுன வேலையப் பாத்தீங்களா? நான் அடிச்சுக் கொன்னே போட்டிருப்பனுங்க. ஒரே அடில போயிருக்கும்." தடியை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினார்.

ஏழு மணிக்கு நுரை நின்றது. ஏழரைக்குப் பட்டாசு கிண்ணத்துத் தண்ணீரைச் சளக் சளக் என்று குடித்தது. ஈவ்லின் தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனாலும் அவள் நர்ஸ். மறுநாள் காலையில் மேகலாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள், தான் ஊசி தவறவிட்டதையும் சேர்த்து. "தப்பு என்னுதுதான் கண்ணு. தேரைதான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்து நாள் நாயப் பாக்கணும். அதுவரைக்கும் நீ ஊசி போட்டுக்கணும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

மேகலா கையில் இருந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "வலிக்காமப் போடுங்கக்கா."

அந்தப் பத்து நாளும் விடிந்ததும் கருப்பண்ணன் வேலிக்கு வெளியே நின்று, "நாய் கொலைக்குதுங்களா?" என்று கேட்பார். அவர் குரலைக் கேட்டதும் பட்டாசே குரைத்துப் பதில் சொல்லும். சேலத்திலிருந்து திரும்பிய மேக்ஸ்வெல் தொட்டியைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கம்பிவலை அடித்தான்; அடியில் தேரை போக நாலு விரல் இடைவெளி விட்டான். மழை பெய்த சாயங்காலங்களில் நாய் கயிற்றோடுதான் வெளியே போவது என்று முடிவானது. பட்டாசுக்கு இதில் வருத்தம்தான். கயிற்றின் முனை வரை போய் நின்று, புல்லுக்குள் கேட்கும் ஒவ்வொரு சலசலப்புக்கும் உடம்பெல்லாம் நடுங்க ஆசைப்பட்டது. அந்த ஆசை போகப்போவதில்லை என்று ஈவ்லினுக்குத் தெரியும். கயிறு தன் கையில் இருந்தால் போதும்.

பதினோராம் நாள் டாக்டர் தனபால் வந்து நாயைப் பார்த்து, தவறிய ஊசியையும் போட்டார். "இனி அந்தப் பொண்ணுக்கு ஊசி வேண்டாம் சிஸ்டர்," என்றார். ஈவ்லின் வேலிக்குப் போய்ச் சொன்னாள். உள்ளே மேகலா, "அப்பாடா!" என்று கத்தியது இந்தப் பக்கம் வரை கேட்டது.

அன்று ஈவ்லினுக்கு விடுமுறை. துவைக்கத் துணி கிடந்தது, அரைக்க மாவு கிடந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். வெளியே கீரியைக் கண்டோ என்னவோ பட்டாசு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் குரைப்பைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.