எட்டாவது நாற்காலியின் கால்பலகை

எங்கள் தெருவுக்குச் சக்கர நாற்காலி தானாகவே வரும். ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை, காலையில் கதவைத் திறந்தால் குழாயடியில் நின்றிருக்கும். நாற்பது நாளுக்குள், அதன் அளவுக்குப் பொருந்துகிற ஒருவருக்கு நடக்க முடியாமல் போய், அதில் உட்கார வேண்டிவரும். முதலில் வந்தது மர நாற்காலி. அடியில் நாலு சின்னச் சக்கரம், யாராவது தள்ளினால்தான் நகரும். மாவுமில் முதலாளி அதில் உட்கார்ந்தார். இரண்டாவதற்குப் பெரிய கம்பிச் சக்கரங்கள் வந்தன. மூன்றாவதில் அந்தச் சக்கரத்தை ஒட்டி ஒரு வளையம், உட்கார்ந்தவரே கையால் உருட்டிக்கொள்ள. அப்புறம் ரப்பர் டயர், பிரேக், ஆறாவதில் மடக்கும் சட்டம். யார் செய்து அனுப்புகிறார்கள் என்று தெரியாது, ஆனால் ஆள் கைதேர்ந்துகொண்டே வருகிறார், அதை மறுக்க முடியாது. ஐந்தாவதை ஆற்றில் தள்ளிப் பார்த்தார்கள். மறுநாள் காலை சொட்டச் சொட்ட வந்து நின்றது. துருப்பிடித்ததுதான் மிச்சம், அந்தத் துருவோடேயே கணக்கு வாத்தியார் அதில் எட்டு வருடம் உட்கார்ந்தார்.

அதனால் நாற்காலி வந்த அன்று தெருவே வரிசையில் நின்று அளந்து பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டேப்பைப் பிடிப்பவர் சைக்கிள் கடைக்காரர். பொருந்தாதவர்கள் அப்பாடா என்று வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பார்கள், வெட்கமே இல்லாமல். ஏழாவது வந்தபோது அது ரொம்ப அகலமாக இருக்கவே, ஜவுளிக்கடைக்காரருக்குக் கவலையே இல்லை. நிம்மதியில் நாலு வேளையும் தின்றார். முப்பத்தைந்தாம் நாள் கச்சிதமாகப் பொருந்தினார். பாவம், வாயைக் கட்டியிருக்கலாம்.

எட்டாவது ஒடுக்கமான இருக்கையோடு வந்தது. பார்த்ததுமே முக்கால்வாசித் தெரு தப்பித்தது. இடுப்பகலம் பொருந்தியது சைக்கிள் கடைக்காரர் வீட்டில் மட்டும்தான். அவர், மனைவி, தபால் கொடுக்கும் மகள், மூன்று பேரும் ஒட்டடைக்குச்சி உடம்பு. இருக்கையிலிருந்து கால்பலகை வரை பதினான்கு அங்குலம். அவர் மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் அது மனைவியின் கால். அப்போதுதான் பலகைக்கு மேலே ஒரு போல்ட் இருப்பதைப் பார்த்தார். அதுவரை வந்த எதிலும் அது கிடையாது. இந்த நாற்காலியில் கால்பலகையை ஏற்றி இறக்கலாம்.

"நம்ம வீட்டு அளவுதான், நம்ம வீட்லயே நிக்கட்டும்" என்று உருட்டி வந்தார். மனைவி குளிக்கப் போன நேரத்தில் பலகையைப் பதினெட்டுக்கு இறக்கினார். அது அவருடைய கால் அளவு. மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவள், அவளிடமும் ஒரு டேப் உண்டு. அவர் கடைக்குப் போனதும் அளந்தாள், விஷயம் புரிந்தது, பதினான்குக்கே ஏற்றி முடுக்கினாள். மறுநாள் அவர் இறக்கினார். அவள் ஏற்றினாள். ஒருவரிடம் ஒருவர் இதைப் பற்றிப் பேசவேயில்லை.

"ஸ்பேனர் எங்கடி?"

"எனக்கென்ன தெரியும், கடை வச்சிருக்கிறது நீங்க."

"தெரியாதவ கையில எப்படி கிரீஸ்?"

"தையல் மிஷினுக்குப் போட்டேன். வந்து சாப்பிடுங்க."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. முப்பத்தெட்டாம் நாள் போல்ட்டின் மரை தேய்ந்து, பலகை நழுவி நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் சுத்தியலால் அடித்தார், அவள் எண்ணெய் விட்டாள், இருவருமாகத் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. அளந்தபோது பதினாறு. அது மகளின் கால். அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

நாற்பதாம் நாள் வாசலில் நின்று மறித்தார்கள்.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போடும்மா."

"தபாலை யாரு குடுப்பா, நீங்களா? வழிய விடுங்கப்பா."

தினமும் ஊரெல்லாம் மாடி ஏறி இறங்குகிறவள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் கையை விலக்கிவிட்டு இறங்கினாள். வாசலில் மூன்றே படி. விழுந்த இடத்திலிருந்து, "கால் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். முதுகெலும்பு என்றார் டாக்டர்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் பலகையில் கச்சிதமாகப் பதிந்தது. அப்பா ஒரு பிடியையும் அம்மா ஒரு பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

"என்னாலதாம்மா" என்றார் அப்பா.

"இல்லடி, என்னால" என்றாள் அம்மா.

"யாராலன்னு அப்புறமா சண்டை போடுங்க" என்றாள் மகள். "முதல்ல ரெண்டு பேரும் கைய எடுங்க."

எடுத்தார்கள். அவள் வளையங்களைப் பிடித்துத் தானே உருட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். படிகளுக்கு முன்னால் பிரேக்கைப் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானமே அவள் அப்பா மூன்று படியையும் உடைத்துவிட்டுச் சிமென்ட்டில் சரிவு போட்டார். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். எவ்வளவு மணல் ஆச்சு என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவர் வீட்டுப் படியும் உடைந்தது, அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டில். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாதம் முடிவதற்குள் எங்கள் தெருவில் படி வைத்த வீடு ஒன்றுகூட இல்லை.