சீரியலுக்குள் ஒரு கார் திருட்டு

கார் திருடி, வழியில் நிற்பவர்களை இடித்துத் தள்ளி, போலீஸுக்குத் தண்ணி காட்டும் அந்த கேமை உலகமே விளையாடுகிறது. அதைத் தன் சீரியலில் காட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. மாமா என்றால் அக்காவின் கணவர், டிவி சீரியல் இயக்குநர். அசலைக் காட்டினால் வழக்குப் போடுவார்கள். அதனால் அதே சாயலில் ஒன்றை நான் கம்ப்யூட்டரில் செய்து தர வேண்டும். மூன்று வருடமாக அவர் வீட்டுச் சோற்றைத் தின்கிறவன் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

நாற்பது வினாடி வீடியோ செய்தேன். செட்டில் இருக்கும் டிவியில் அது பாட்டுக்கு ஓடும். நடிகன் ஜாய்ஸ்டிக்கைச் சும்மா அமுக்குவான்.

செட்டுக்குள் நுழைந்தேன். கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாள், கட்டிலுக்கடியில் துவைக்காத சட்டைகள். அப்படியே என் அறை. கதையில் நடிகன் அக்கா வீட்டுத் தண்டச்சோறு. கேம் விளையாடிக் கெட்டுப்போய் அக்காவின் செயினையே திருடுகிறான்.

வசனத்துக்கு நடுவில் அவன் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்தான். டிவியில் கார் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, கை வைக்காமலே கார் ஓடுது. கேம் ஆடுறவன் பாத்தா காறித் துப்புவான்."

"கேம் ஆடுறவனா என் சீரியல் பாக்குறான்? அவனோட அக்கா பாக்குறா, மச்சான்."

"ரூம் என்னோடது. எங்க அக்கா பாத்தா என்ன நினைப்பா?"

"கதைதானேடா! எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நீயா ஏன் வந்து நிக்குற?"

கேமராமேன் சிரித்தான். செயின் அதில்தான் இருக்கிற மாதிரி என் சட்டைப் பையைப் பார்த்துச் சிரித்தான்.

அக்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எட்டு வயதிலிருந்து என்னை வளர்த்தவள், இதையெல்லாம் நம்புவாளா என்று விட்டுவிட்டேன்.

அந்த எபிசோடை மூவரும் சேர்ந்துதான் பார்த்தோம். கார் தானாக ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. நடிகன் செயினைச் சட்டைக்குள் போட்டபோது அக்கா "பாவி" என்றாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"எப்படி, தத்ரூபமா இருக்கா?" என்றார் மாமா.

மறுநாள் காலை வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா குளிக்கப் போனாள், தோளில் கைப்பையோடு.

"குளிக்கப் போறதுக்குப் பை எதுக்குக்கா?"

"சோப்பு இருக்குடா அதுல."

சோப்பு என் கையில் இருந்தது. முகமெல்லாம் நுரை.

கழுவிவிட்டுத் துணிமணியைப் பெட்டியில் அடைத்தேன். ஆனால் உடனே கிளம்பவில்லை. அவள் வெளியே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.